இந்த ஆலயம் எந்த ராஜாவுக்கு? இங்கிலாந்தின் அரச மறைசாட்சிகளை ஆலயங்களில் கண்டறியும் முறை

இங்கிலாந்தில் 7 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை கொல்லப்பட்ட ராஜாக்களும் இளவரசர்களும் பலர் மறைசாட்சிகளாக, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களாக, எண்ணப்பட்டுப் புனிதர்களானார்கள். ரோமாபுரியில் விசாரணை நடத்திப் பட்டம் கொடுக்கும் முறை அப்போது உருவாகவில்லை. ராஜா விழுந்த இடத்து மண்ணை மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள், துறவு மடம் எலும்புகளைப் பேழையில் வைத்தது, ஆயர் திருநாள் குறித்தார். அதோடு அவர் புனிதர். அந்தப் பெயர்களில் இன்றும் கிராமம் கிராமமாகப் பங்கு ஆலயங்கள் நிற்கின்றன.

ஆனால் வாசல் பலகையில் "புனித ஆஸ்வால்ட்" என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து, அந்த ஆலயம் ஆயிரம் வருடமாக அந்த ராஜாவுக்கு உரியது என்று முடிவு கட்ட முடியாது. பெயர் யாருடையது, எப்போது வந்தது, ஏன் அந்த ஊருக்கு வந்தது என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். இந்த வரிசையிலேயே போங்கள். முதல் கேள்விக்கு விடை தெரியாமல் மூன்றாவதற்குப் போனால் உழைப்பெல்லாம் வீண்.

கையில் வைத்திருக்க வேண்டிய பெயர்கள்

நார்தம்ப்ரியா, டெய்ரா, மெர்சியா, கிழக்கு ஆங்கிலியா எல்லாம் அன்றைய இங்கிலாந்தின் தனித்தனி அரசுகள். நார்தம்ப்ரியாவின் ஆஸ்வால்ட் 642 ஆகஸ்ட் 5 அன்று மேசர்ஃபீல்டு போரில் மெர்சியாவின் பெண்டாவிடம் விழுந்தார். கிழக்கு ஆங்கிலியாவின் எட்மண்டை டேனியப் படை 869 நவம்பர் 20 அன்று கொன்றது. இந்த இருவரையும் கொன்றவர்கள் கிறிஸ்தவர் அல்லாதவர்கள். ஆகவே "விசுவாசத்துக்காக இறந்தார்" என்று சொல்வது எளிதாக இருந்தது.

மற்றவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது சொந்தக்காரர்களோ, கிறிஸ்தவ ராஜாக்களோதான். டெய்ராவின் ஆஸ்வினை 651 ஆகஸ்ட் 20 அன்று ஆஸ்வால்டின் தம்பி ஆஸ்வியு ஆள் வைத்துக் கொன்றார். கிழக்கு ஆங்கிலியாவின் எதெல்பர்ட்டை 794-இல் மெர்சியாவின் ஆஃபா தலை வெட்டச் சொன்னார். திருநாள் மே 20. மெர்சிய இளவரசர் விஸ்டன் 849-இல் உறவினர் கையால் இறந்தார். திருநாள் ஜூன் 1. கெனெல்ம் என்ற இளவரசருக்கு ஜூலை 17. இளம் ராஜா எட்வர்ட் 978 மார்ச் 18 அன்று கார்ஃபில் குத்திக் கொல்லப்பட்டார். நார்வேயின் ஓலாஃப் 1030 ஜூலை 29 அன்று ஸ்டிக்லெஸ்டாட் போரில் இறந்தவர். காலம் சற்றுப் பிந்தியது, நாடும் வேறு. ஆனாலும் இங்கிலாந்தில் அவர் பெயரில் ஆலயங்கள் இருப்பதால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேதிகளைத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். பின்னால் வரும் வேலையில் பாதி இவற்றை வைத்துத்தான் நடக்கும்.

முதல் படி: ஒரே பெயர், வேறு ஆள்

மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. ஆஸ்வால்ட் என்ற பெயரில் வூஸ்டர் ஆயர் ஒருவர் இருக்கிறார். அவர் 992 பிப்ரவரி 29 அன்று இயற்கையாக இறந்தவர், திருநாள் பிப்ரவரி 28. வூஸ்டர் வட்டாரத்தில் இந்தப் பெயரைப் பார்த்தால் முதலில் அவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எட்மண்ட் என்றால் ராஜா மட்டுமல்ல, கேன்டர்பரி பேராயர் அபிங்டன் எட்மண்டும் உண்டு. அவர் 1240-இல் இறந்து 1246-இல் புனிதரானார், திருநாள் நவம்பர் 16. ராஜாவின் திருநாளுக்கு நான்கே நாள் முந்தியது என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் எட்மண்ட் ஹாலும், 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த சாலிஸ்பரி புனித எட்மண்ட் ஆலயமும் பேராயர் பெயரில் வந்தவை. இதற்கு உறுதியான விதி ஒன்று உண்டு: 1240-க்கு முந்திய ஆவணத்தில் "புனித எட்மண்ட் ஆலயம்" என்றிருந்தால் அது ராஜாவுக்குத்தான். அதற்குப் பிந்தியது என்றால் வேறு சான்று வேண்டும்.

எட்வர்டுகளும் இருவர். 1066 ஜனவரி 5 அன்று படுக்கையில் இறந்த எட்வர்ட் மறைசாட்சி அல்ல. 1161-இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். திருநாள் அக்டோபர் 13. கார்ஃப் காசில் ஊர் ஆலயமும் கேம்பிரிட்ஜின் பீஸ் ஹில் ஆலயமும் 978-இல் கொல்லப்பட்ட எட்வர்டுக்கு உரியவை; பெயரோடு "ராஜாவும் மறைசாட்சியும்" என்ற அடைமொழி நிற்கிறது. ஸ்டாஃபர்ட்ஷயரின் லீக் ஊர் ஆலயம் மற்ற எட்வர்டுக்கு. எதெல்பர்ட்டிலும் இதே கதைதான்: 616-இல் இறந்த கென்ட் ராஜா எதெல்பர்ட் புனிதர், ஆனால் கொல்லப்பட்டவர் அல்ல.

"ராஜாவும் மறைசாட்சியும்" என்ற சொற்களைக் கண்டதும் மகிழ்ந்துவிடவும் வேண்டாம். 1649 ஜனவரி 30 அன்று தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸ் பெயரிலும் ஆலயங்கள் உண்டு. டன்பிரிட்ஜ் வெல்ஸ், ஃபால்மத் இரண்டிலும் பார்க்கலாம். அவை 17-ஆம் நூற்றாண்டின் அரசியலில் பிறந்தவை.

இரண்டாம் படி: பெயர் எவ்வளவு பழையது?

சுவர் நார்மன் காலத்தது (11, 12-ஆம் நூற்றாண்டு) என்பதால் பெயரும் நார்மன் காலத்தது ஆகிவிடாது. 16-ஆம் நூற்றாண்டுச் சமய மாற்றத்தில் புனிதர் வணக்கம் நின்றதும் பல கிராமங்கள் தங்கள் ஆலயப் பாதுகாவலர், அதாவது ஆலயம் எந்தப் புனிதர் பெயரில் உள்ளதோ அவர், யார் என்பதையே மறந்தன. பிறகு 18-ஆம் நூற்றாண்டில் பழமை ஆய்வாளர்கள் பட்டியல் தயாரித்தபோது, விடை கிடைக்காத ஊர்களில் ஊர்ப் பெயரையும் சந்தை நாளையும் வைத்து ஊகித்து நிரப்பினார்கள். அந்த ஊகங்கள் இன்றைய பலகைகளில் உண்மையாக நிற்கின்றன. கத்தோலிக்க ஆலயமாக இருந்தால் பெயர் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ வைத்தது. இந்தத் தேடலில் அது சான்றாகாது.

நம்பத்தக்க சான்று உயில்களில் கிடைக்கும். இடைக்காலத்தில் உயில் எழுதியவர்கள் தங்களை எந்தப் புனிதரின் ஆலய வளாகத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று முதல் வரிகளிலேயே சொல்வார்கள். கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் பதிவான உயில்கள் 1384 முதல் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சாதாரண மக்களின் உயில்கள் பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கும். செய்ய வேண்டியது இதுதான்: ஊர்ப் பெயரின் பழைய எழுத்து வடிவங்களையும் சேர்த்துத் தேடி, 1540-க்கு முந்திய உயில்களை மட்டும் எடுங்கள். லத்தீனில் இருந்தால் புனிதர் பெயரை அடுத்து "ரெஜிஸ்" என்ற சொல் வருகிறதா பாருங்கள். வந்தால் ராஜா; "எபிஸ்கோபி" என்று வந்தால் ஆயர். ஒரே உயிலோடு நிறுத்தாதீர்கள். எழுதியவர் பக்கத்து ஊர் ஆலயத்தையோ, ஆலயத்துக்குள் இருந்த ஒரு துணைப் பீடத்தையோ குறித்திருக்கலாம். வெவ்வேறு பத்தாண்டுகளைச் சேர்ந்த இரண்டு மூன்று உயில்கள் ஒரே பெயரைச் சொன்னால் நம்பலாம்.

1538-இல் தொடங்கும் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அவற்றில் புனிதர் பெயர் அநேகமாக வராது.

1086-ஆம் வருட டூம்ஸ்டே நிலக் கணக்கில் பெயர் இருந்தால் அது அதிர்ஷ்டம். வின்விக் ஊரின் விஷயம் அப்படிப்பட்டது. பிற்காலத்தில் அந்த ஆலயம் யார்க்ஷயரின் நாஸ்டெல் மடத்துக்குச் சொந்தமானது. அந்த மடமும் ஆஸ்வால்ட் பெயரில்தான் இருந்தது. மடம் தன் பாதுகாவலரை ஊர்மேல் சுமத்தியது என்று எண்ணத் தோன்றும். ஆனால் மடம் உருவாகும் முன்பே, 1086-இலேயே, அந்த ஊரில் "புனித ஆஸ்வால்டுக்கு" இரண்டு ஏர் நிலம் இருந்ததாகக் கணக்கு சொல்கிறது. ஆக, பெயர் அங்கே முன்னரே இருந்தது. எது முந்தியது என்று பார்க்காமல் காரணம் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

யார்க் நகரின் புனித ஓலாஃப் ஆலயத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று இருக்கிறது. அதைக் கட்டி ஓலாஃப் பெயரில் நேர்ந்தளித்த சிவார்ட் பிரபு 1055-இல் இறந்து அங்கேயே அடக்கமானதை ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு பதிவு செய்கிறது. ஓலாஃப் இறந்து கால் நூற்றாண்டுக்குள் கடலுக்கு இந்தப் பக்கம் ஆலயம்!

மூன்றாம் படி: திருவிழா நாளை வைத்துக் கணக்குப் போடுதல்

ராஜா சந்தைக்கு அனுமதி கொடுத்த பட்டயங்களில் "இன்ன புனிதரின் திருநாள், முந்தைய நாள், மறுநாள்" என்று மூன்று நாள் குறிப்பார்கள். அந்தப் புனிதர் பல இடங்களில் ஊர் ஆலயத்தின் பாதுகாவலரே. எல்லா இடத்திலும் அல்ல என்பதால் இதைத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள்.

இதில் இரண்டு பொறிகள். 1536-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சி, ஆலய அர்ப்பண விழாக்களை எல்லாம் அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொன்னது. ஆகவே அக்டோபர் தொடக்கத்தில் நடக்கும் ஊர் விழாவை வைத்து எந்தப் புனிதரையும் ஊகிக்க முடியாது. அடுத்தது 1752. அந்த வருடம் நாட்காட்டியை மாற்றியபோது 11 நாட்கள் நீக்கப்பட்டன. பல சந்தைகள் பழைய பருவத்தை விடாமல் 11 நாள் தள்ளிப் போயின. 1752-க்குப் பிந்திய சந்தை நாள் கிடைத்தால் 11-ஐக் கழித்தும் பாருங்கள்: ஆகஸ்ட் 16 ஆஸ்வால்டாக இருக்கலாம், டிசம்பர் 1 எட்மண்டாக இருக்கலாம், மே 31 எதெல்பர்ட்டாக இருக்கலாம். எட்மண்டுக்கு ஏப்ரல் 29 என்ற இன்னொரு நாளும் உண்டு. 1095-இல் அவர் உடல் புதிய பேழைக்கு மாற்றப்பட்ட நினைவு நாள் அது.

ஆலயத்தின் கிழக்குச் சுவர் பாதுகாவலரின் திருநாளன்று சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்துக் கட்டப்பட்டது என்று சிலர் சொல்வார்கள். அளந்து பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு பொது விதி அகப்படவில்லை. திசைகாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம்.

நான்காம் படி: ஏன் இந்த ஊரில்?

ஒரு அரச மறைசாட்சியின் பெயர் ஓர் இடத்துக்கு வரும் வழிகள் அதிகமில்லை: அவர் இறந்த இடம், அடக்கமான இடம், உடலோ உடற்பாகமோ போய்ச் சேர்ந்த இடம், அவர் பெயரிலான மடத்தின் நிலம் இருந்த இடம். வரைபடத்தில் இவற்றைத் தனித்தனி நிறத்தில் குறித்துக்கொண்டு, உங்கள் ஆலயம் எந்த நிறத்துக்கு அருகில் வருகிறது என்று பாருங்கள்.

ஆஸ்வால்டை எடுத்துக்கொண்டால் இந்த வரைபடம் நிரம்பி வழியும். பெண்டா அவர் தலையையும் கைகளையும் வெட்டிக் கழியில் மாட்டச் சொன்னார். ஒரு வருடம் கழித்துத் தம்பி ஆஸ்வியு வந்து எடுத்தார். தலை லிண்டிஸ்ஃபார்னுக்கும், கைகள் பாம்பர்க் கோட்டைக்கும் போயின. உடலைத் தம்பி மகள் ஆஸ்த்ரித் லிங்கன்ஷயரின் பார்ட்னி மடத்துக்குக் கொண்டுவந்தார். 909-இல் அங்கிருந்து உடல் மெர்சியாவுக்கு எடுத்துவரப்பட்டு குளோஸ்டரில் வைக்கப்பட்டது; அந்த மடத்தின் இடிபாட்டு வளைவுகள் இன்றும் நிற்கின்றன. தலையோ லிண்டிஸ்ஃபார்ன் ஆயராக இருந்த புனித கத்பர்ட்டின் சவப்பெட்டிக்குள் வைக்கப்பட்டு, 875-இல் லிண்டிஸ்ஃபார்னை விட்டு அலைந்து, 995-இல் டரம் வந்து சேர்ந்தது. அதனால்தான் வடக்கே ஓர் ஆயர் சிலை கையில் முடி தரித்த தலையோடு நிற்கும். அவர் கத்பர்ட், கையில் இருப்பது ஆஸ்வால்ட். சிலையைப் பார்த்துப் பெயரை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

731-இல் நூலை முடித்த துறவி பீட் தரும் தகவல் ஒன்று ஆலயம் தேடுவோருக்குப் பொன் போன்றது. ஹெவன்ஃபீல்டில் போருக்கு முன் ஆஸ்வால்ட் சிலுவை நட்ட இடத்துக்கு ஹெக்ஸம் துறவிகள் ஒவ்வொரு வருடமும் அவர் இறந்த நாளின் முந்தைய நாள் வந்து செபித்தார்கள் என்றும், அண்மையில் அங்கே ஓர் ஆலயம் கட்டினார்கள் என்றும் எழுதுகிறார். இன்று ஹேட்ரியன் சுவரை ஒட்டிய பி6318 சாலையோரம் நிற்கும் சின்ன ஆலயக் கட்டடம் பிற்காலத்தது. ஆனால் அந்த இடத்தில் அவருக்கு ஆலயம் என்பது 731-க்கு முந்தியது. மேசர்ஃபீல்டில் ஆஸ்வால்ட் விழுந்த இடத்து மண்ணை மக்கள் தண்ணீரில் கரைத்து நோயாளிக்குக் கொடுக்க அள்ளி அள்ளி, ஆள் உயரப் பள்ளம் விழுந்ததாகவும் பீட் சொல்கிறார்.

நீரூற்றுகளைக் கவனியுங்கள். கம்ப்ரியாவின் கிர்காஸ்வால்டில் ஆலயத்தின் மேற்குச் சுவரடியில் ஊற்று வருகிறது. மணிக்கூண்டு தனியாகக் குன்றின் மேல் இருக்கிறது. ஹெர்ஃபர்ட்ஷயரின் மார்டன் ஆலயத்துக்குள்ளேயே எதெல்பர்ட்டின் கிணறு உண்டு. ஆனால் அந்த ஆலயம் அன்னை மரியாள் பெயரில் உள்ளது. கிணறு ஒருவருக்கு, ஆலயம் இன்னொருவருக்கு என்றால் இரண்டையும் அப்படியே பதிவு செய்யுங்கள், ஒன்றாக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: உள்ளே போனபின்

சிறு கைவிளக்கு, தொலைநோக்கி, இரண்டும் வேண்டும். விளக்கைச் செதுக்கலின் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த கோடுகள் நிழலால் எழும்பும்; நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. ஓவியத்தில் ஃப்ளாஷ் போடாதீர்கள். கிராம ஆலயங்கள் பூட்டியிருக்கலாம், ஆகவே சாவி யாரிடம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

உருவங்களைப் பிரிக்கக் கற்றுக்கொள்ள நார்ஃபோக்கின் பார்ட்டன் டர்ஃப் ஆலயம் நல்ல பள்ளி. அங்கே பக்கப் பீடத்தை மறைக்கும் 15-ஆம் நூற்றாண்டு மரத் தடுப்பில் நான்கு ராஜாக்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோருக்கும் கிரீடம். முகத்தைப் பார்த்தால் யார் யார் என்று தெரியாது. கையைப் பார்க்க வேண்டும். அம்பு என்றால் எட்மண்ட். மோதிரம் என்றால் 1066-இல் இறந்த எட்வர்ட். கோடாரியும் ரொட்டிகளும் என்றால் ஓலாஃப். எஞ்சியவர் ஆறாம் ஹென்றி. மக்கள் புனிதராகக் கொண்டாடினாலும் முறைப்படி பட்டம் பெறாதவர். மறைசாட்சி எட்வர்டை வேறு இடங்களில் கிண்ணமும் குத்துவாளும் காட்டிக்கொடுக்கும். காகத்தோடு ராஜா என்றால் ஆஸ்வால்ட். இது ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் அதிகம். உடலெங்கும் அம்பு தைத்த உருவத்தில் கிரீடம் இருந்தால் எட்மண்ட், இல்லாவிட்டால் பெரும்பாலும் செபஸ்தியார். வெட்டுண்ட தலையைக் கால்களுக்கிடையே வைத்துக் காக்கும் ஓநாயும் எட்மண்டுக்குரியதுதான்.

ஆனால் பார்ட்டன் டர்ஃப் ஆலயத்தின் பாதுகாவலர் இந்த நான்கு ராஜாக்களில் ஒருவரும் அல்ல, மிக்கேல் தூதர். யார்க்ஷயரின் பிக்கரிங் ஆலயச் சுவரில் எட்மண்டின் கொலை பெரிதாக வரையப்பட்டிருக்கிறது. ஆலயம் பேதுரு, பவுல் பெயரில். படம் பக்தியைக் காட்டும், உரிமையைக் காட்டாது. பிக்கரிங் ஓவியங்கள் 19-ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டு நிறையத் திருத்தி வரையப்பட்டவை என்பதால் உடை, நிறம் போன்ற சிறு விவரங்களிலிருந்து காலம் கணிக்கவும் வேண்டாம்.

ஒரே ஒரு ஆலயத்துக்குத்தான் போக முடியும் என்றால் டெர்பிஷயரின் ரெப்டனுக்குப் போங்கள். பீடத்தடியில் சுமார் 5 மீட்டர் சதுர நிலவறை, நடுவே கயிறு சுற்றியதுபோல் புரி செதுக்கிய நான்கு தூண்கள். மெர்சிய ராஜாக்கள் அடக்கமான இடம் இது. விஸ்டனும் இங்கே பாட்டனார் விக்லாஃபின் அருகில் வைக்கப்பட்டார். மேற்கு மூலைகள் இரண்டிலும் படி இறங்குகிறது. அவை பிற்பாடு வெட்டப்பட்டவை. ஒரு பக்கம் இறங்கிப் பேழையைத் தரிசித்து மறுபக்கம் ஏறிப் போக வசதியாக இருந்திருக்கும். 1779-இல் கல்லறை தோண்டியவர் தற்செயலாக உடைத்துக்கொண்டு போகும் வரை இந்த அறை மறந்தே கிடந்தது. படிகள் தேய்ந்திருக்கும், பிடித்து இறங்குங்கள்.

கதை வேறு, சான்று வேறு

எட்மண்ட் மரத்தில் கட்டப்பட்டு அம்பெய்து கொல்லப்பட்ட கதையை எழுதியவர் ஃப்ளூரி மடத்து அப்போ. காலம் 985-ஐ ஒட்டியது. தான் பேராயர் டன்ஸ்டனிடம் கேட்டதாகவும், டன்ஸ்டன் இளமையில் அதெல்ஸ்டன் ராஜாவின் அவையில் எட்மண்டின் ஆயுதம் தூக்கிய கிழவரிடம் கேட்டதாகவும் சொல்கிறார். நூறு வருடத்தைத் தாண்ட இரண்டே ஆட்கள். சமகாலத்துக்கு நெருங்கிய ஆண்டுக்குறிப்பு, போரிட்டார், டேனியர் வென்று ராஜாவைக் கொன்றார்கள் என்பதோடு நிறுத்திவிடுகிறது. ஆனால் 895-ஐ ஒட்டி, டேனியர் ஆண்ட அதே நாட்டில், "புனித எட்மண்ட் ராஜா" என்று பொறித்த வெள்ளிக்காசுகள் புழங்கத் தொடங்கின. வணக்கம் எவ்வளவு சீக்கிரம் தொடங்கியது என்பதற்குக் கதையைவிடக் காசு உறுதியான சான்று.

கெனெல்ம் கதையில் அவர் அப்பா இறக்கும்போது ஏழு வயதுப் பிள்ளை. அக்காவின் சூழ்ச்சியால் கிளென்ட் குன்றில் கொல்லப்படுகிறார். அப்பா கொயன்வுல்ஃப் இறந்தது 821-இல். ஆனால் கெனெல்ம் 811 வரையுள்ள பட்டயங்களில் இளவரசராகச் சாட்சிக் கையெழுத்து இடுகிறார். கதை 11-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. ராம்ஸ்லி, மின்ஸ்டர் லவல், சாப்பர்டன் ஆலயங்கள் அவர் பெயரில் இருப்பது மெய். கதையில் உள்ள வயது மெய்யல்ல.

எஸெக்ஸின் கிரீன்ஸ்டெட் மர ஆலயத்திலும் இதே கவனம் தேவை. 1013-இல் எட்மண்டின் உடல் அவர் பேழை இருந்த பெரி ஊருக்குத் திரும்பும் வழியில் அங்கே தங்கியது என்பது மரபு. நின்றுகொண்டிருக்கும் 51 ஓக் மரத் துண்டுகளின் வளர்ச்சி வளையங்களை ஆராய்ந்தபோது அவை 1060-க்குப் பிறகு வெட்டியவை என்று தெரிந்தது. உடல் அந்த ஊரில் தங்கியிருக்கலாம். இந்தச் சுவர்களுக்குள் தங்கவில்லை. ஆலயத்தின் பாதுகாவலரும் அந்திரேயாதான்.

பதிவு செய்யும்போது

ஒவ்வொரு ஆலயத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பலகையில் உள்ள பெயர், அந்தப் பெயர் வரும் மிகப் பழைய ஆவணமும் வருடமும், ஆவணத்தில் அடைமொழி உண்டா இல்லையா, ஊர்ச் சந்தை நாள், அருகிலுள்ள கிணறு, உருவங்கள், நிலம் எந்த மடத்துக்குச் சொந்தம் என்பவற்றைத் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். ஒரு வரிக்கு விடை இல்லாவிட்டால் காலியாக விடுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஊகித்து நிரப்பியதன் விளைவைத்தான் இன்றும் பிரித்துக்கொண்டிருக்கிறோம். முடிவை மூன்று தரமாகக் குறிக்கலாம்: 1540-க்கு முந்திய எழுத்துச் சான்று உள்ளது, பிற்காலப் பட்டியலில் மட்டும் உள்ளது, 19-ஆம் நூற்றாண்டிலோ பிறகோ புதிதாக வைத்தது. சஃபோக்கில் ஹெசெட், ஃபால்கன்ஹம், நார்ஃபோக்கில் லார்லிங், தர்ட்டன் என எதெல்பர்ட் ஆலயங்கள் பல கிடைக்கின்றன. பயிற்சிக்கு அங்கே தொடங்கினால் பல பக்கங்களை நிரப்பலாம்.